ஒப்பீட்டுக் கட்டுரை எங்கே இடறுகிறது? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்யும் வழிமுறை

வருணனைக் கட்டுரை, கடிதம், அனுபவக் கட்டுரை என்றால் ஒருவாறு எழுதிவிடும் பிள்ளைகள் ‘ஒப்பிட்டு எழுதுக’ என்றதும் தடுமாறுவதை மேல்வகுப்புத் தமிழாசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றித் தனியாகக் கேட்டால் அரைப் பக்கம் எழுதுகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றித் தனியாகக் கேட்டாலும் எழுதுகிறார்கள். இரண்டையும் ஒரே கட்டுரைக்குள் கொண்டுவரும்போதுதான் எல்லாம் கலைந்துபோகிறது.

திருத்தும்போது தாளில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கான வழிமுறை இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிகுறி பத்தியில் தெரியும். ஆனால் பிழை நடந்தது பெரும்பாலும் எழுத உட்காருவதற்கு முன்னால். எதை வைத்து ஒப்பிடுகிறோம், எதற்காக ஒப்பிடுகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் எழுதத் தொடங்கிய கட்டுரையை, வாக்கியம் வாக்கியமாகச் சிவப்பு மையால் திருத்தி மீட்க முடியாது.

அதனால் முதல் வாசிப்பில் பேனாவை எடுக்காதீர்கள். சந்திப்பிழையும் ஒற்றுப்பிழையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், அப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே தாளில் பல அறிகுறிகள் தெரிந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: கருத்து இருக்கிறதா, பொது அளவுகோல் இருக்கிறதா, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, பத்தி சரியா, கடைசியாக இணைப்புச் சொற்கள். முதலில் இருக்கும் கோளாறைச் சரிசெய்தால் பின்னால் இருப்பவற்றில் பாதி தானாகவே போய்விடும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு இணைகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, மேலே சொன்ன இரண்டு கோயில்கள். மற்றொன்று, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும். இரண்டுமே பிள்ளைகள் பாடத்தில் படித்தவை.

அறிகுறி: ஒரே தலைப்பின் கீழ் இரண்டு கட்டுரைகள்

இதுதான் அதிகம் வருவது. முதல் பக்கம் முழுவதும் தஞ்சை. ராஜராஜன் கட்டினான், 1010இல் முடிந்தது, நந்தி பெரியது, யுனெஸ்கோ அறிவித்தது. பிறகு ‘அடுத்ததாக’ என்று ஒரு சொல். இரண்டாம் பக்கம் முழுவதும் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கட்டினான், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது, அழகான சிற்பங்கள் உள்ளன. முடிவுரையில் மட்டும் ‘இவ்விரு கோயில்களும்’ என்று இரண்டும் முதல்முறையாகச் சந்தித்துக்கொள்கின்றன.

உறுதிசெய்வது எளிது. இரண்டாம் பாதியைக் கையால் மறைத்துவிட்டு முதல் பாதியை வாசியுங்கள். ஒரு குறையும் தெரியாமல் அது தனிக் கட்டுரையாக நின்றால் இதுதான் கோளாறு. அல்லது இரண்டாம் பாதியில் ‘தஞ்சை’ என்ற பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எங்குமே வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

காரணம், மாணவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் பொருள்வாரியாகக் கொட்டியிருக்கிறார். இரண்டுக்கும் பொதுவாக எந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

சரிசெய்ய, ரஃப் நோட்டில் மூன்று கட்டங்கள் போடச் சொல்லுங்கள். இடது கட்டம் குறுகலாக இருக்கட்டும். அதன் தலைப்பு ‘எதில்?’. அடுத்த இரண்டு கட்டங்களுக்குக் கோயில்களின் பெயர். முதலில் நிரப்ப வேண்டியது இடது கட்டத்தை மட்டும். பிள்ளைகள் உடனே பெயர்களுக்குக் கீழே எழுதப் பாய்வார்கள், விடாதீர்கள். ‘யார், எந்த வெற்றிக்குப் பிறகு கட்டினார்?’, ‘விமானம் எப்படி எழுகிறது?’, ‘கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன?’, ‘ஊர் இன்று எப்படி இருக்கிறது?’ என்று கேள்வியாக எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பக்கமும் பதில். ஒரு பக்கம் மட்டும் நிரம்பி மறுபக்கம் காலியாக இருந்தால் பாடநூலில் தேடட்டும். கிடைக்காவிட்டால் அந்த வரியை அடித்துவிடட்டும். ஒரு பக்கம் மட்டும் நிரம்பிய வரி கட்டுரைக்குள் நுழையக் கூடாது என்பதில் நான் கறாராகவே இருப்பேன்.

அந்தக் கட்டத்தின் ஒரு வரியிலிருந்து எழும் பத்தி இப்படி இருக்கும்:

‘இரண்டு கோயில்களிலும் கண்ணை முதலில் இழுப்பது கருவறைக்கு மேல் எழும் விமானம்தான். தஞ்சை விமானம் 13 நிலைகளோடு சுமார் 216 அடி உயரத்துக்கு நேர்கோட்டில் ஏறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்து விமானமோ 9 நிலைகளோடு, சுமார் 180 அடியில் முடிகிறது. அதன் விளிம்பு சற்றே உள்வாங்கி வளைந்து மேலே போகிறது. தந்தையின் விமானத்தில் கம்பீரமும் மகனின் விமானத்தில் நளினமும் முதலில் தெரிவதற்கு இந்தக் கோட்டின் வேறுபாடே காரணம்.’

ஐந்தே வாக்கியங்கள். முதலாவது பொதுத்தன்மை, நடுவே மூன்றில் இரு கோயில்களின் தகவல்கள், கடைசியில் அந்தத் தகவல்களால் என்ன தெரிகிறது என்ற விளக்கம். இந்த ஒரு பத்தியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எந்த வாக்கியம் எந்த வேலையைச் செய்கிறது என்று பிள்ளைகளையே சொல்லவைத்தால், விதிமுறைகளாகச் சொல்வதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு பொருளை முழுவதும் சொல்லிவிட்டு மற்றொன்றுக்குப் போவது தவறான முறை என்று சிலர் வகுப்பில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. கட்டுரை ஒரு பக்கத்துக்குள் முடிவது என்றாலோ, வாசிப்பவருக்கு முதல் பொருளே புதிது என்றாலோ அந்த முறைதான் வசதி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பாதியில் கூறுகள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில்தான் இரண்டாம் பாதியிலும் வர வேண்டும். ஒவ்வொரு கூறும் முதல் பாதியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ‘தஞ்சையின் நேர்கோட்டுக்குப் பதிலாக இங்கே’, ‘தஞ்சையில் நாம் கண்ட கல்வெட்டு விவரங்கள் இங்கே இல்லை’ என்பதுபோல. கூறுகள் நான்கைந்தைத் தாண்டினால் இந்த முறை தாங்காது. வாசிப்பவர் முதல் பக்கத்தை மறந்திருப்பார். அப்போது கூறுகூறாக, ஒரு பத்தியில் இரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் வழி.

அறிகுறி: ஒன்றின் உயரமும் மற்றொன்றின் சிற்பமும்

‘தஞ்சைக் கோயில் மிக உயரமானது. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்தில் சிற்பங்கள் அழகாக உள்ளன.’ வாசிக்கும்போது ஒப்பீடு மாதிரியே கேட்கும். நடுவில் ‘ஆனால்’ வேறு இருக்கிறது. உண்மையில் இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இட்லி, தோசையை எடுங்கள். ‘இட்லி மிருதுவாக இருக்கும், ஆனால் தோசையை அம்மா காலையில் சுடுவார்’ என்று எழுதிப்போடுங்கள். வகுப்பே சிரிக்கும். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுவார்கள். மிருது என்றால் இரண்டுக்கும் மிருதுவைத்தான் பேச வேண்டும். நேரம் என்றால் இரண்டுக்கும் நேரத்தை. அதே கண்ணோடு தங்கள் கோயில் வாக்கியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சிற்பத்தைப் பேச வேண்டுமானால் கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்குச் சிவன் தலையில் மாலை சூட்டும் சிற்பத்தைச் சொல்லிவிட்டு, தஞ்சையில் அதற்கு இணையாக எதை வைப்பது என்று தேட வேண்டும். தேடல் தொடங்கிவிட்டாலே கட்டுரை திருந்தத் தொடங்கிவிட்டது.

அறிகுறி: வரிக்கு ஒரு ‘ஆனால்’

‘தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். தென்மேற்குப் பருவமழை அரபிக்கடல் பக்கமிருந்து வரும். ஆனால் வடகிழக்குப் பருவமழை வங்கக் கடல் பக்கமிருந்து வரும். தென்மேற்குப் பருவமழையால் கேரளா அதிகம் பயன்பெறும். ஆனால்…’

தகவல்கள் எல்லாம் சரி. அளவுகோலும் இருக்கிறது. இரு பக்கமும் சமம். ஆனாலும் மூன்றாவது வரியிலேயே அலுத்துவிடுகிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம்தான் இந்தக் கோளாறு அதிகம் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

காரணம் நம் வினாத்தாள்களிலேயே இருக்கிறது. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் ‘வேறுபடுத்துக’ என்ற வினாவுக்கு நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த வினாவுக்கு அது சரியான விடைதான். அட்டவணையை அப்படியே படுக்கவைத்து நடுக்கோட்டின் இடத்தில் ‘ஆனால்’ போட்டால் கட்டுரை ஆகிவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு வடிவம் அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

இங்கே செய்ய வேண்டியது தகவல்களைக் கூட்டுவது அல்லது குறைப்பது இல்லை. எந்தத் தகவல் எதனால் விளைகிறது என்று கோப்பது. வழி இதுதான்: எல்லாத் தகவல்களையும் சிறு துண்டுத் தாள்களில் எழுதவைத்து, ஒன்றோடு ஒன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மாதம், திசை, மலை, மேட்டூர், குறுவை, ஏரி, புயல், சம்பா என்று துண்டுகள் இருக்கும். ‘திசை’யும் ‘மலை’யும் ஒன்றாக வரும். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுவதால் தமிழகத்தின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதி ஆகிறது. ‘மேட்டூர்’ துண்டு ‘குறுவை’யோடு சேரும். அதே தென்மேற்கு மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து காவிரியாகி மேட்டூருக்கு வருகிறது. ஜூன் 12இல் அணை திறப்பது என்ற வழக்கமே அதை நம்பித்தான். ‘புயல்’ துண்டு ‘சம்பா’வோடு சேரும்.

இப்போது எழுதச் சொன்னால் பத்தி மாறிவிடும்:

‘இரண்டு பருவமழைகளும் காவிரி டெல்டாவின் வயலுக்குத்தான் வந்து சேர்கின்றன, வரும் வழிதான் வேறு. தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்து, காவிரியில் இறங்கி, மேட்டூரில் தேங்கி, மதகு திறந்தால்தான் தஞ்சை வயலைத் தொடுகிறது. அதனால் குறுவை விவசாயி வானத்தைவிட அணையின் நீர்மட்டத்தையே அதிகம் பார்க்கிறார். வடகிழக்குப் பருவமழையோ நேராக வயலில் விழுகிறது. சம்பாப் பயிரை அது வளர்க்கவும் செய்யும். புயலோடு சேர்ந்து வந்தால் மூழ்கடிக்கவும் செய்யும்.’

‘ஆனால்’ ஒன்றுகூட இல்லை. ஒப்பீடு முன்னதைவிட அழுத்தமாக இருக்கிறது. மாதங்களும் திசைகளும் எங்கே போயின என்று ஒரு மாணவர் கேட்பார். வேறொரு பத்தியில் தேவைப்பட்டால் வரட்டும், தேவைப்படாவிட்டால் வேண்டாம். தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்ற பழக்கத்தை விடவைப்பதுதான் இந்தப் பயிற்சியில் கடினமான பகுதி.

அறிகுறி: ‘இவ்விரண்டிலும் ஒற்றுமைகளும் உண்டு, வேற்றுமைகளும் உண்டு’

முடிவுரையிலோ முன்னுரையிலோ இந்த வாக்கியத்தைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். இதன் தம்பிகள் சிலர் இருக்கிறார்கள்: ‘இரண்டும் தத்தம் வழியில் சிறந்தவை’, ‘இரண்டையும் போற்றிப் பாதுகாப்போம்’. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கட்டுரை எதையுமே சொல்லவில்லை என்பதற்கு இவைதான் சாட்சி.

இதை உறுதிசெய்ய ஒரே ஒரு சோதனை போதும். அந்த வாக்கியத்தில் கோயில்களின் பெயரை எடுத்துவிட்டு ‘கிரிக்கெட்டும் கபடியும்’ என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்போதும் உண்மையாக இருந்தால் அது யாருடைய கட்டுரைக்கும் உரியதில்லை. ‘கிரிக்கெட்டிலும் கபடியிலும் ஒற்றுமைகளும் உண்டு, வேற்றுமைகளும் உண்டு.’ சரியாகப் பொருந்துகிறது அல்லவா?

ஏன் ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி எழவே இல்லை என்பதுதான் காரணம். இந்த வகைக் கட்டுரையைக் கற்றுத்தரும்போது நாம் அமைப்பைச் சொல்கிறோம், உள்தலைப்புகளைச் சொல்கிறோம், இந்தக் கேள்வியை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் முழுப் பாடவேளையையும் இதற்கே கொடுக்கலாம்.

கருத்து வாக்கியத்தைப் பிறக்கவைக்க ‘என்றாலும்’ நல்ல கருவி. வாக்கியத்தின் முன்பாதியில் எல்லோருக்கும் உடனே தெரியும் விஷயம், ‘என்றாலும்’, பின்பாதியில், கட்டத்தை நிரப்பிய பிறகுதான் தெரியவந்த விஷயம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிபவை என்றால் பின்பாதியில் வேற்றுமை வர வேண்டும். நேரெதிராகத் தெரிபவை என்றால் ஒற்றுமை வர வேண்டும். எதிர்பார்த்ததையே இரண்டு பாதியிலும் சொன்னால் வாசிப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

கோயில்களுக்கு முதல் முயற்சியில் பிள்ளைகள் தருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இரண்டும் சோழர் கோயில்கள் என்றாலும் தஞ்சைக் கோயில் உயரமானது.’ பரவாயில்லை, தொடக்கம்தான். ‘உயரமாக இருந்தால் என்ன?’ என்று கேளுங்கள். மகன் ஏன் தந்தையைவிட உயரமாகக் கட்டவில்லை என்று யாராவது யோசிப்பார்கள். இன்னொருவர், ஊரின் பெயரிலேயே கங்கை இருக்கிறதே என்பார். அங்கிருந்து ராஜேந்திரனின் வடதிசைப் படையெடுப்புக்கு வரலாம். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றியதாகச் சொல்லப்படும் சோழகங்கம் ஏரிக்கு வரலாம். அந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித் தூண் என்கிறது. இந்தப் பக்கம் தஞ்சையின் கல்வெட்டு ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்’ என்று கொடைகளைக் கணக்கிட்டு எழுதிவைக்கச் சொல்கிறது. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள், யாருக்கு என்ன பணி என்று அவ்வளவு விவரம்.

இப்போது வாக்கியம் தானாக வரும்: ‘இரண்டும் ஒரே பெயரில், ஒரே இறைவனுக்கு, தந்தையும் மகனும் எழுப்பிய கோயில்கள் என்றாலும், தஞ்சைக் கோயில் ஒரு பேரரசு தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டதைக் காட்டுகிறது, கங்கைகொண்ட சோழபுரம் அந்தப் பேரரசு தன் எல்லையைத் தாண்டிப் போனதைக் கொண்டாடுகிறது.’

இதில் கிரிக்கெட்டையும் கபடியையும் போட முடியாது. அதோடு இதை ஒருவர் மறுக்கவும் முடியும். ராஜராஜனும் ஈழம்வரை படை நடத்தினானே, தஞ்சைக் கோயிலிலும் வெற்றிப் பெருமிதம் இல்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மறுக்க இடம் கொடுக்கும் வாக்கியமே கருத்து. அந்த மறுப்புக்குப் பதில் சொல்லவே ஒரு பத்தி தேவைப்படும். அப்படித்தான் பன்னிரண்டாம் வகுப்புக் கட்டுரை ஒன்பதாம் வகுப்புக் கட்டுரையிலிருந்து வேறுபடத் தொடங்குகிறது.

கருத்து கிடைத்துவிட்டால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது: எதை விடுவது என்று தெரிந்துவிடும். யுனெஸ்கோ 1987இல் தஞ்சையையும் 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். ஆனால் இந்தக் கருத்துக்கு அது உதவவில்லை என்றால் வெளியே இருக்கட்டும். ‘இன்று இந்த ஊர்கள் எப்படி இருக்கின்றன’ என்பது கட்டுரையின் கேள்வி என்றால், அதே தகவலுக்குள்ளேயே பொருள் இருக்கிறது. தஞ்சை இன்றும் நகரம். கங்கைகொண்ட சோழபுரமோ சுமார் 250 ஆண்டுகள் தலைநகராக இருந்துவிட்டுச் சிற்றூராகச் சுருங்கியது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கோயிலின் கற்களையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

கருத்து வாக்கியம் எங்கே நிற்க வேண்டும்? முன்னுரையின் கடைசி வரியில். முடிவுரையில் அதையே திரும்ப எழுதினால் போதாது. நடுவில் சொன்ன சான்றுகளுக்குப் பிறகு அது எவ்வளவு உறுதிப்பட்டது, எங்கே கொஞ்சம் தளர்ந்தது என்று சொல்ல வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கம் கொழுத்து, மறுபக்கம் மெலிந்து

பத்திகளின் ஓரத்தில் எந்தப் பொருளுக்கு எத்தனை வரி என்று குறியுங்கள். பதினைந்துக்கு நான்கு என்று வந்தால் இரண்டில் ஒன்று காரணம். மாணவருக்கு ஒன்றைப் பற்றித் தெரியாது. அல்லது ஒன்று அவருக்குப் பிடித்தது. தஞ்சாவூர்ப் பிள்ளைகள் பெரிய கோயிலை எழுதும்போது பின்னது நடக்கும். முதல் காரணத்துக்கு நூலகம். இரண்டாவதற்கு, பிடித்த பக்கத்தில் மூன்று வரிகளை அவரையே வெட்டச் சொல்லுங்கள். வரிக்கு வரி சமமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றுக்கு இரண்டு வரை போகலாம்.

அறிகுறி: கேட்காத தீர்ப்பு

‘நகர வாழ்க்கையும் கிராம வாழ்க்கையும்’ என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலான தாள்களில் கிராமம் ஜெயித்துவிடும். தூய காற்று, அன்பான மனிதர்கள், பசுமை. நகரம் என்றால் புகை, நெரிசல், அவசரம். கேள்வி ‘ஒப்பிடுக’ என்றுதான் சொன்னது. எது சிறந்தது என்று கேட்கவில்லை.

வினாவின் கடைசிச் சொல்லை அடிக்கோடிடப் பழக்குங்கள். ‘ஒப்பிடுக’ என்றால் ஒற்றுமையும் வேற்றுமையும் இரண்டும் வேண்டும். ‘வேறுபடுத்துக’ என்றால் வேற்றுமை மட்டும். ‘எது ஏற்றது, ஏன்?’ என்றால்தான் தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லும் ஆசை விடவில்லை என்றால், யாருக்கு, எதற்கு என்று குறுக்கச் சொல்லுங்கள். ‘கிராமம் சிறந்தது’ என்பதைவிட ‘வயதானவருக்கு அக்கம்பக்கத்துத் துணை கிராமத்தில் எளிது, அவசர சிகிச்சை நகரத்தில் எளிது’ என்பது நேர்மையான ஒப்பீடு. கிராமத்துப் பிள்ளை ஒருவர் உண்மையிலேயே தன் ஊரில் பேருந்து இல்லாததை எழுதினால், அந்த வரிக்காக மட்டுமே தனியாகப் பாராட்டுங்கள். பார்த்ததை எழுதும் துணிச்சல் அரிது.

அறிகுறி: முன்னுரை உலகம் சுற்றி வருகிறது

குறளோ பழமொழியோ முதலில். பிறகு தமிழரின் பெருமை. பிறகு கலையின் பெருமை. அதன் பின்னர்தான் தலைப்பு. மேற்கோளுக்கு மதிப்பெண் உண்டு என்று சொல்லிச் சொல்லி நாமே வளர்த்த பழக்கம் இது. முன்னுரையைக் கடைசியாக எழுதச் சொல்லுங்கள். மேலே நான்கு வரி இடம் விட்டு, பொருளுரையை முடித்துவிட்டு வரட்டும். எதற்கு முன்னுரை என்று அப்போது தெரிந்திருக்கும். மேற்கோள் வேண்டுமென்றால் கருத்து வாக்கியத்துக்கு உதவுவது மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: இணைப்புச் சொல் பொருந்தவில்லை

இதைக் கடைசியில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அமைப்பு சரியில்லாத கட்டுரையில் ‘அதேபோல்’, ‘மாறாக’ என்று செருகினால் கோளாறு மறைந்துகொள்ளும், தீராது.

அமைப்பு சரியாக இருந்து சொல் மட்டும் பிசகினால் திருத்தம் சுலபம். ‘மாறாக’ என்பதை வேறுபாடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் போடுகிறார்கள். அது நேரெதிருக்கு உரியது. 13 நிலைக்கு 9 நிலை மாறாக ஆகாது. நேர்கோட்டுக்கு வளைவு மாறாக ஆகும். அளவில்தான் வேறுபாடு என்றால் ‘விட’, ‘காட்டிலும்’. ஒரே நேரத்தில் இரண்டு உண்மை என்றால் ‘அதேசமயம்’. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் ‘ஆயினும்’, ‘என்றாலும்’.

பிள்ளைகள் பேச்சில் தாராளமாகவும் எழுத்தில் அரிதாகவும் பயன்படுத்தும் கருவி ஒன்று உண்டு: பெயரோடு ஒட்டும் ‘ஓ’. ‘அண்ணன் படிக்கிறான், தம்பியோ விளையாடுகிறான்.’ பக்கம் மாறுவதை ஓரெழுத்தில் சொல்லிவிடுகிறது. மேலே காட்டிய பத்திகளில் ‘சோழபுரத்து விமானமோ’, ‘வடகிழக்குப் பருவமழையோ’ என்று வந்ததை எடுத்துக்காட்டுங்கள். ‘ஆனால்’ போட்ட இடங்களில் பாதியை ‘ஓ’வால் மாற்றி எழுதுவது ஐந்து நிமிடப் பயிற்சி. ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் போனால் அதுவும் அலுக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: நாற்பது தாளிலும் ஒரே கட்டுரை

கோளாறு மாணவரிடம் இல்லை, கரும்பலகையில் இருக்கிறது. உள்தலைப்புகளை நாம் எழுதிப்போட்டால் பிள்ளைகள் அவற்றை நிரப்பித் தருவார்கள். குறிப்புச் சட்டகம் கொடுத்துப் பழக்க வேண்டிய தேர்வு வினாவுக்கு அது தேவைதான். ஒப்பீட்டுக்கு மட்டும், இணையைக் கொடுத்துவிட்டு ‘எதில்?’ கட்டத்தைக் காலியாக விடுங்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரருக்கு வராத ஒரு கேள்வியாவது தன் கட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். ஒருவர் கோயில்களின் ஓசையை ஒப்பிட விரும்பலாம், இன்னொருவர் நீர்நிலைகளை. விசித்திரமான கேள்விகளை உடனே தள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் பதில் நிரம்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: வகுப்பில் சரி, தேர்வில் பழையபடி

வீட்டுப்பாடத்தில் கட்டம் போட்டு அழகாக எழுதியவர், தேர்வு அறையில் ‘முதலில் தஞ்சை, அடுத்ததாக…’ என்று போய்விடுவார். நேரம் இல்லை என்பார். கட்டம் போடுவதை அவர் கூடுதல் வேலையாக நினைக்கிறார் என்று பொருள்.

கட்டத்தைச் சுருக்கிக் கொடுங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள். ஒவ்வொரு வரிக்கும் இரண்டிரண்டு சொற்கள். கோயில் என்றால் ‘வெற்றி: ஈழம் / கங்கை’, ‘விமானம்: நேர் / வளைவு’, ‘எழுத்து: நிறைய / குறைவு’. கீழே ‘என்றாலும்’ வாக்கியம் ஒன்று. மூன்று நான்கு நிமிடங்களில் முடியும். முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டால் திருத்துபவர் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்.

இதற்குப் பயிற்சியாக முழுக் கட்டுரை எழுதவைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம், ஒரு இணை: மண்பானையும் குளிர்சாதனப் பெட்டியும், ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும், தபாலும் குறுஞ்செய்தியும். மூன்று வரிக் கட்டமும் ஒரு ‘என்றாலும்’ வாக்கியமும் மட்டும் எழுதி நோட்டை மூடிவிட வேண்டும். அந்த வாக்கியங்களை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, கிரிக்கெட்–கபடி சோதனையை வகுப்பே செய்யட்டும்.